முன்சீப் வீட்டுக்குப் போன வெற்றிலைத் தட்டு

எங்கள் வீட்டுச் சாமி அறையின் மேல் பலகையில் ஒரு பித்தளைத் தட்டு கவிழ்த்து வைத்திருக்கிறது. எங்கள் ஊரில் பஞ்சாயத்து கூட்ட வேண்டுமென்றால் இந்த மாதிரித் தட்டில்தான் வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்புப் பழம், ரெண்டு எலுமிச்சம்பழம் வைத்து எடுத்துப்போய்ப் பெரிய மனிதர் வீட்டில் கொடுப்போம். அவர் தட்டைக் கையில் வாங்கிவிட்டால் வழக்கைக் கேட்க ஒப்புக்கொண்டார் என்று அர்த்தம். என் அப்பா இப்படிக் கொடுத்திருக்கிறார், பிறர் கொடுத்ததை வாங்கியும் இருக்கிறார். அதை யாரும் லஞ்சம் என்று சொன்னதில்லை. மரியாதை என்றுதான் சொல்வோம்.

மூன்று வருஷமாக நான் அந்தத் தட்டைத் தொடவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் என் மனைவி அதை எடுத்துத் துடைத்து, மறுபடியும் கவிழ்த்தே வைத்துவிடுகிறாள். 

நான் எட்டாவது வரைக்கும் படித்தவன். ஊர் பாகூருக்குப் பக்கம். நெல்லும் கரும்பும் வைக்கிற குடும்பம். பிரதோஷம் தவறாமல் கோயிலுக்குப் போகிறவன் என்று ஊரில் எனக்கு ஒரு பேர் உண்டு. அந்தப் பேரை வைத்துக்கொண்டு நான் செய்த காரியத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் கரும்புக் கழனிக்கு டிராக்டர் போய்வர ஒரே வழி, என் பெரியப்பா மகன் நிலத்து ஓரமாகப் போகும் வண்டிப்பாதை. தாத்தா காலத்திலிருந்து அதில்தான் போய் வந்தோம். ஒரு நாள் பங்காளி அதில் கல்கால் நட்டு முள்கம்பி இழுத்துவிட்டான். ரெண்டு தடவை பஞ்சாயத்துக்குத் தட்டு எடுத்தேன். ரெண்டு தடவையும் அவன் வரவில்லை. வெட்டிய கரும்பை ஆள் வைத்துத் தலைச்சுமையாக வெளியே கொண்டுவந்து ஏற்றினோம். கடைசியில் வக்கீலைப் பார்த்தேன். தாத்தா காலத்துப் பாகப்பத்திரம் ஒன்று டிரங்குப் பெட்டியில் இருந்தது. பிரெஞ்சுக்காரர் முறையில் நோத்தேர் என்கிற பத்திர அதிகாரி எழுதி முத்திரை போட்டது. அதில் அந்தப் பாதை இருந்தது. வக்கீல் பார்த்துவிட்டு, "இது ஒண்ணு போதும், மத்தத நான் பாத்துக்கறேன்" என்றார். அந்த வார்த்தையை நான் நம்பியிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

முதல் வாய்தாவுக்குப் புதுச்சேரிக் கோர்ட்டுக்குப் போனபோது வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தேன். கோயிலில் பழகிய கால். பேர் கூப்பிடுகிற டவாலி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பெரியவரே, செருப்ப மாட்டிக்கினு வாங்க. உள்ள கற்பூரம்லாம் காட்ட மாட்டாங்க."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் மனசுக்குள் அது கோயில் மாதிரிதான் பதிந்தது. அதற்கு வக்கீல் குமாஸ்தாவும் ஒரு காரணம். அவர் வில்லியனூர்க்காரர், வாய் ஓயாத மனிதர். டீ குடிக்கும்போது எனக்குப் பாடம் நடத்துவார்.

"கீழ முன்சீப். அதுக்கு மேல சப் ஜட்ஜ். அதுக்கு மேல ஜில்லா ஜட்ஜ். பாண்டிச்சேரிக்குன்னு தனியா ஹைகோர்ட் கெடையாது, நமக்கும் மெட்ராஸ்தான். அதுக்கும் மேல டெல்லி. இங்க தோத்தா மேல போலாம், அங்கயும் தோத்தா இன்னும் மேல போலாம். உசுரு இருக்கணும், அவ்ளோதான்."

"இவங்களயெல்லாம் யாரு போடுறாங்க? எம்.எல்.ஏ. சொல்லியா?"

"அட இன்னாங்க நீங்க! எம்.எல்.ஏ. சொல்லி ஜட்ஜு வந்தா எங்க பொழப்பு இன்னா ஆவுறது? பரீட்சை. சின்னப் பரீட்சை, பெரிய பரீட்சை, அப்புறம் ஹைகோர்ட் ஜட்ஜுங்க எதிர்ல உக்காந்து வாய்ப் பரீட்சை. ஜில்லா ஜட்ஜுங்க கீழருந்து ஏறியும் வருவாங்க, வக்கீலா இருந்து நேராவும் வருவாங்க. ஹைகோர்ட்டுக்கு மட்டும் பரீட்சை இல்ல. பெரிய ஜட்ஜுங்களே கூடிப் பேசிப் பேரு அனுப்புவாங்க, ஜனாதிபதி கையெழுத்துப் போடுவாரு."

நான் தலையாட்டினேன். எனக்குப் புரிந்தது வேறு. ஊர் எல்லையில் ஐயனார், ஊருக்குள் மாரியம்மன், பாகூரில் சிவன் என்று நாங்கள் படிப்படியாகக் கும்பிடுகிறோம். ஒவ்வொரு இடத்திலும் வெறுங்கையோடு போகமாட்டோம். கோர்ட்டும் அப்படித்தான் என்று என் புத்தி முடிச்சுப் போட்டுக்கொண்டது.

அந்த வருஷம் ஆடி மாதம் எங்கள் வழக்கு இருந்த முன்சீப் கோர்ட்டுக்குப் புது நீதிபதி வந்தார். குமாஸ்தா போனில் சொன்னார்: "உங்க ஊர்ப் பொண்ணாமே, தெரியுமா?"

தெரியாமல் என்ன? அவருடைய அம்மா எங்கள் கழனியில் நடவுக்கும் களையெடுப்புக்கும் வந்தவர். காலனியில் வீடு. புருஷன் சின்ன வயசிலேயே போய்விட்டார். அந்த அம்மா கூலிக்குப் போய்த்தான் மகளைப் பள்ளிக்கூடம், சட்டக் கல்லூரி என்று படிக்க வைத்தார். எங்கள் மாட்டுக் கொட்டகை ஓரம் ஓர் அலுமினியக் குவளை தனியாக மாட்டியிருக்கும். அந்த அம்மாவுக்கு அதில்தான் டீ. என் அப்பா மாட்டி வைத்தது. அப்பா போன பிறகும் அதை நான் கழற்றவில்லை. குவளை ஓட்டையான பிறகுதான் கழற்றினேன்.

இன்னொன்றும் உண்டு. அந்தப் பெண் பரீட்சையில் தேறியதும், குடும்பம் எப்படி என்று விசாரிக்க ஒரு போலீஸ்காரர் ஊருக்கு வந்தார். தெரு முனையில் எங்கள் வீடு. என்னைக் கேட்டார். "எங்க கழனில வேல செஞ்சவங்கதான் சார். அடக்கமானவங்க. தப்புத்தண்டாவுக்குப் போவமாட்டாங்க" என்றேன். அவர் எழுதிக்கொண்டார். கீழே நான் கையெழுத்துப் போட்டேன்.

அதற்கப்புறம் ஒரு வருஷம் நான் அதைச் சொல்லாத ஆள் இல்லை. "நான் போட்ட கையெழுத்துலதான் அந்தப் பொண்ணு ஜட்ஜாச்சு" என்று டீக்கடையில் சொன்னேன், கல்யாண வீட்டில் சொன்னேன். அந்தப் பெண் கண்விழித்துப் படித்ததும், அந்த அம்மா இடுப்பொடிய வேலை செய்ததும், சென்னையில் பெரிய நீதிபதிகள் முன்னால் உட்கார்ந்து பதில் சொன்னதும் என் கணக்கில் வரவே இல்லை. என் ஒரு கையெழுத்து மட்டும் வந்தது. இதை எழுதும்போது 'அவர்' என்று எழுதுகிறேன். அன்றைக்கு நான் நினைத்தது 'அவள்' என்றுதான்.

ஒரு பிரதோஷத்துக்கு மறுநாள் காலையில் தட்டை எடுத்தேன். வெற்றிலை பாக்கு, பழம், மேலே கோயில் விபூதிப் பொட்டலம், சாமிக்குச் சாத்திய மாலையில் ஒரு துண்டு.

"யாருக்குத் தட்டு?" என்றாள் மனைவி. சொன்னேன்.

"கோர்ட்டுக்குப் போறவரு ஜட்ஜு அம்மா வூட்டுக்கு ஏன் போறீங்க?"

"ஒரு மரியாதைக்குடி. நம்ம கழனில வளந்த பொண்ணு."

"கழனில வளந்துச்சா, கஷ்டத்துல வளந்துச்சா" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

அந்த அம்மா வாசல் தெளித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்துவிட்டு முந்தானையை இழுத்துச் சொருகினார். அந்தத் தெருவுக்குள் நான் அதற்கு முன் போனதே இல்லை. ஆள் கூப்பிடப் போனால் தெரு முனையில் நின்று குரல் கொடுப்பேன்.

"நல்லாருக்கீங்களாம்மா? உள்ள வரலாங்களா?" என்றேன்.

அந்த அம்மா என்னை உற்றுப் பார்த்தார். "இன்னாங்கய்யா, புதுசா நீங்க வாங்கன்றீங்க? வாங்க."

ஓட்டு வீடுதான். ஒரு பக்கம் முழுக்கப் புத்தகம். முருகன் படத்துக்குப் பக்கத்தில் மகள் கறுப்பு அங்கியில் நிற்கிற போட்டோ. எனக்கு நாற்காலி போட்டுவிட்டு, சில்வர் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தார். தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று இருந்தது. கையில் வாங்கினேன். "இப்பதாம்மா குடிச்சிட்டு வந்தேன்" என்று சொல்லிக் கீழே வைத்தேன். நாலு தெரு வெயிலில் நடந்து வந்தவனுக்குத் தாகம் இல்லையாம். அந்த அம்மா டம்ளரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். 

"பொண்ணு இல்லீங்களா?"

"அது டவுன்ல கோர்ட்டாரு குவார்ட்டர்ஸ்ல கீதுங்க. ஞாயித்துக்கெழம வரும்."

நான் தட்டை நீட்டினேன். அந்த அம்மா கையை நீட்டவில்லை. "எதுக்குங்கய்யா இதெல்லாம்?"

"சாமி பிரசாதம்மா. பிரதோஷத்துல வெச்சுப் படைச்சது. வாணாம்னு சொல்லக்கூடாது."

நானே எழுந்துபோய் முருகன் படத்துக்கு முன்னால் தட்டை வைத்தேன். இதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. கையில் கொடுத்தால் வாங்கமாட்டார் என்று தெரிந்து, சாமி முன்னால் வைத்தேன். அங்கிருந்து யாரும் எடுத்துத் திருப்பித் தரமாட்டார்கள் அல்லவா? சாமியையே இதற்குக் கூட்டுச் சேர்த்தேன்.

வாசல்படி தாண்டும்போது சொன்னேன்: "நம்ம கரும்புக் கழனிப் பாதை கேஸு பொண்ணு கோர்ட்டுலதான் இருக்குது. பத்திரமெல்லாம் செரியா இருக்குது. ஒரு வார்த்த சொல்லி வைங்க. அன்னிக்குப் போலீஸ் வந்தப்ப நானும் ஒரு வார்த்த சொன்னேன் இல்ல?"

அந்த அம்மாவின் முகம் மாறியது. பதில் பேசவில்லை. சம்மதம் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

ஞாயிறு போய்த் திங்கள் காலை. நான் வாசலில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மா வந்தார். கையில் அதே தட்டு. வெற்றிலை காய்ந்து சுருண்டிருந்தது, பழம் கறுத்திருந்தது. ஒன்றைக்கூட எடுக்கவில்லை. எத்தனையோ வருஷம் கூலிக்கு நின்ற அதே கேட்டுக்கு வெளியே நின்றார்.

"உள்ள வாங்கம்மா."

"வாணாங்க. இத வாங்கிக்கோங்க."

"இன்னாம்மா, ஒரு பிரசாதம்..."

"எம்பொண்ணு நேத்து வந்து இதப் பாத்துச்சு. யாரு குடுத்தாங்கன்னு கேட்டுச்சு, சொன்னேன். அப்படியே உக்காந்துடுச்சிங்கய்யா. சோறு துன்னல. இன்னும் வேல நெரந்தரம் ஆவலையாம். ரெண்டு வருசம் நடத்தயப் பாத்துதான் ஹைகோர்ட்டுல நெரந்தரம் பண்ணுவாங்களாம். கேஸுக்காரன் தட்டு ஜட்ஜு வூட்டுல இருந்துச்சுன்னு உங்க பங்காளி ஒரு லெட்டர் போட்டா போதுமாம், அது படிச்ச படிப்பெல்லாம் போச்சாம்."

 பதற்றத்தில் என் வாய் பழைய வழிக்குப் போனது. "நீ ஏன் அதுங்கிட்ட சொன்ன? பேசாம எடுத்து உள்ள வெச்சிருக்கக்கூடாது?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. அந்த அம்மா அதைப் பெரிதுபண்ணவில்லை.

"உங்க கேஸுக் கட்ட அது இன்னும் பிரிச்சிக்கூடப் பாக்கலையாம். சொந்த ஊருன்னு தெரிஞ்சா அதுவே வேற கோர்ட்டுக்கு அனுப்பிட்டிருக்குமாம். இப்ப நடந்ததெல்லாம் ஜில்லா ஜட்ஜுக்கு எழுதணும்னு சொல்லுது. நீங்க ஒண்ணு பண்ணுங்கய்யா. நாங்க கேக்கல, நீங்களாதான் கொண்டாந்து வெச்சீங்கன்னு நீங்களே கோர்ட்டுல சொல்லிடுங்க. வேற ஒண்ணும் வாணாம்."

"சொல்றேம்மா. சத்தியமா சொல்றேன்."

தட்டைக் கேட்டுத் தூண் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

வக்கீலிடம் போனேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். "உங்கள யாருய்யா அங்க போவச் சொன்னது? இப்ப வாயத் தொறந்தீங்கன்னா ஜட்ஜக் கைக்குள்ள போடப் பாத்த ஆளுன்னு எழுதிடுவாங்க. எந்தக் கோர்ட்டுக்குப் போனாலும் அந்தப் பேரு கூடவே வரும். பேசாம இருங்க."

வாய்தா வந்தது. நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பங்காளியும் வந்திருந்தான். எங்கள் வழக்கு எண்ணைக் கூப்பிட்டதும் நீதிபதி நிமிர்ந்தார். சின்ன உருவம், அம்மாவின் நெற்றி. தாளைப் பார்த்துச் சீராகப் படித்தார். வாதி தன் சொந்த ஊர்க்காரர், தன் தாய்க்குத் தெரிந்தவர். தான் இல்லாதபோது தன் தாய் வீட்டில் ஒரு தட்டு வைக்கப்பட்டது. அது திருப்பிக் கொடுக்கப்பட்டது. இதை மாவட்ட நீதிபதிக்கு எழுதியாகிவிட்டது. வழக்கை வேறு நீதிமன்றத்துக்கு மாற்றக் கேட்டும் ஆகிவிட்டது. அவ்வளவுதான்.  படித்து முடித்துத் தாளைக் கேஸுக் கட்டுக்குள் வைத்தார்.

பங்காளியின் வக்கீல் எழுந்தார். "தட்டு திரும்பிப் போச்சுன்னு தாயார் சொல்றாங்க. தட்டுல வெத்தல மட்டும்தான் இருந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்?"

  அதற்குப் பதில் சொல்ல முடியாத இடத்தில் அந்தப் பெண் இருந்தார். சொல்லக்கூடியவன் அங்கே ஒருவன்தான் இருந்தான். எழுந்திருக்கத் தொடையில் கையை ஊன்றினேன். என் வக்கீல் திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டி, 'உட்கார்' என்று காட்டினார். உட்கார்ந்துவிட்டேன். அடுத்த வழக்கைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

சத்தியம் செய்தவன் நான். ஒரு கை ஜாடைக்கு உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். மனைவி சோறு போட்டுக்கொண்டிருந்தாள். கரண்டியைக் குண்டானிலேயே வைத்துவிட்டாள்.

"பிரதோஷத்துக்குப் பிரதோஷம் அவ்ளோ கூட்டத்துல சத்தமாப் பதிகம் படிக்கிறீங்களே. அந்தத் தொண்ட எங்க போச்சு?"

அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. மறுநாள் முதல் பஸ்ஸில் போனேன், வக்கீலிடம் போகவில்லை. ஒரு வெள்ளைத்தாளில் என் கையாலேயே எழுதினேன். அவர்கள் யாரும் கேட்கவில்லை, நானாகக் கொண்டுபோனேன், கையில் வாங்கமாட்டார் என்று தெரிந்து சாமி முன்னால் வைத்தேன், தட்டில் வெற்றிலை பாக்கும் பழமும் பிரசாதமும் தவிர வேறொன்றும் இல்லை, குற்றம் முழுக்க என்னுடையது என்று எழுதி, ஜில்லா கோர்ட் ஆபீசில் கொடுத்துத் தேதி முத்திரை வாங்கினேன். அங்கே மனு வாங்குகிற பெண் ஊழியர் படித்துவிட்டு, "இத நேத்தே கோர்ட்டுல சொல்லியிருக்கலாமே ஐயா" என்றார். சொல்லியிருக்கலாம்.

பிற்பாடு என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். சொன்னேன். பங்காளி மெட்ராசுக்கே மனுப் போட்டான் என்று குமாஸ்தா சொன்னார். மாதக்கணக்கில் அந்தப் பெண்ணின் வேலை தொங்கலில் கிடந்தது. கடைசியில் அவர்மேல் ஒன்றும் இல்லை என்று முடிந்தது. ஆனால் அவரைக் காரைக்காலுக்கு மாற்றினார்கள். எங்கள் பிரதேசம் சின்னது. பாண்டிச்சேரியை விட்டால் காரைக்கால், மாஹே, ஏனாம், அவ்வளவுதான். இது வழக்கமான மாற்றம்தான் என்று குமாஸ்தா எனக்குச் சமாதானம் சொன்னார். இருக்கலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை தோறும் அம்மாவிடம் வந்துகொண்டிருந்த பெண், அதற்கப்புறம் எப்போதாவதுதான் வந்தார்.

என் வழக்கு வேறு நீதிபதியிடம் போனது. அவர் எந்த ஊர், என்ன ஆள் என்று நான் யாரையும் விசாரிக்கவில்லை. அவர் நோத்தேர் பத்திரத்தைக் கண்ணாடியை ஏற்றி இறக்கி ரெண்டு தடவை படித்தார். கோர்ட்டு ஊழியரான அமீன் வந்து நிலத்தை அளந்தார். தீர்ப்பு எனக்குச் சாதகமாக வந்தது. முள்கம்பியை எடுத்தார்கள். பத்திரத்தில் என்ன இருந்ததோ அதுதான் கிடைத்தது. அதற்கு ஒரு வெற்றிலைக் காம்புகூடத் தேவைப்படவில்லை.

இந்தத் தைக்குப் பிறகு பாகூர் பஸ் நிறுத்தத்தில் அந்த அம்மாவைப் பார்த்தேன். காரைக்காலுக்குப் புறப்பட்டிருந்தார். காலடியில் துணிப்பை, கையில் தண்ணீர் பாட்டில். ஒதுங்கிப் போய்விடலாம் என்று பார்த்தேன், அதற்குள் அவரே கூப்பிட்டார்.

"வழி கெடச்சிதாங்கய்யா?"

"கெடச்சிதும்மா."

"ம்ம். எம்பொண்ணு இருந்திருந்தாலும் அதத்தான் குடுத்திருக்கும்."

குத்திக்காட்டுவதற்காகச் சொன்னதாக எனக்குப் படவில்லை. மகளைப் பற்றிச் சொல்ல வேண்டிய ஒன்றைச் சொன்னார், அவ்வளவுதான். வெயில் உச்சியில் இருந்தது. பாட்டிலைத் திறந்து ரெண்டு மடக்குக் குடித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்தார். பாட்டில் என் பக்கம் பாதிதூரம் வந்தது. பிறகு என்ன நினைத்தாரோ, மூடியைத் திருகிப் பைக்குள் வைத்துக்கொண்டார். எனக்கு நாக்கு வறண்டிருந்தது. "ஒரு வாய் தண்ணி குடுங்கம்மா" என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்.